ஆறாவது துளை

மார்வா ஹௌகன் ஒரு பழைய ரிவால்வரைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது அதன் எண்ணை. அடுத்து, மேசைக்குப் பின்னால் இருப்பவரிடம் "இழுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு, கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுப்பாள். காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். உள்ளே எதுவும் தேயாமல் இருந்தால் அந்தப் பழைய ரகத்தில் நான்கு சொடுக்குகள் கேட்கும். டக், டக், டக், டக். கேட்டபின் சுத்தியலை அப்படியே விட்டுவிட மாட்டாள். தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோல் மெல்ல இறக்கி வைத்துவிட்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பாள்.

கிழக்கு மொன்டானாவில் நடக்கும் எல்லாத் துப்பாக்கிச் சந்தைகளிலும் அவளுக்கு நல்ல காது என்று பெயர். "மார்வா கேட்டுட்டுச் சரின்னா சரிதான். மெக்கானிக் வேண்டாம்" என்பார்கள். அவள் மறுத்துப் பேசியதில்லை. முப்பது வருஷத்தில் நாற்பத்தியொரு ரிவால்வர்கள் சேர்த்துவிட்டாள். அதில் ஒன்றின்மீதும் அவளுக்கு ஆசை கிடையாது. அவள் தேடியது ஒரே ஒரு துப்பாக்கியை. மற்றதெல்லாம், ஏன் தேடுகிறாள் என்று யாரும் துருவாமல் இருப்பதற்காக வாங்கிப்போட்டது.

கண்காட்சித் திடல் கொட்டகையில் அவள் மேசைமேல் எப்போதும் ஒரு அட்டை நிற்கும். "எண் 51406. எந்த நிலையில் இருந்தாலும் வாங்கப்படும்." பக்கத்து மேசை ரோலி ஷ்வெண்டுக்கு அந்த அட்டையைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது. நூற்றிருபது கிலோ மனுஷன். மிளகாய்க் கறியில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்து வாயில் திணித்துக்கொண்டே பேசுவார்.

"எந்த நிலையில இருந்தாலும்னு எழுதாத மகராசி. ஊர்ல இருக்கிற துருப்பிடிச்ச குழாயை எல்லாம் கொண்டாந்து உன் தலையில கட்டிருவானுங்க."

"கட்டட்டும்."

"அப்படி என்னதான் இருக்கு அந்த நம்பர்ல? லாட்டரியா?"

"தாத்தாவோடது. எங்க பைபிள்ல எழுதி வச்சிருக்கு."

இது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. முழு உண்மையை இழுக்காமல் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த ரிவால்வர் ஹௌகன் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால், தோலுறையில், ஒரு ஆணியில் தொங்கியது. தாத்தாவுக்குப் பிறகு அவள் அப்பா சிவர்ட் அதை வைத்திருந்தார். அந்த ரகத்தில் ஒரு ஆபத்து உண்டு. சுத்தியல் தோட்டாவின் முதுகிலேயே படுத்திருக்கும். கீழே விழுந்து சுத்தியல் எங்காவது இடித்தால் வெடித்துவிடும். அதனால் அறிவுள்ளவன் உருளையின் ஆறு துளைகளில் ஐந்தைத்தான் நிரப்புவான். வெறும் துளையின்மேல் சுத்தியலை இறக்கி வைப்பான். எப்படி நிரப்ப வேண்டும் என்பதை அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் சிவர்ட் ஹௌகன்தான். முப்பத்தியொரு வருஷம், சனிக்கிழமைதோறும், லூதரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில். "ஒண்ணு போடு, ஒண்ணு விடு, நாலு போடு. இழு, இறக்கு." பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் கத்துவார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் ஐம்பது வயதுக்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

1974 ஏப்ரலில், மார்வாவுக்குப் பதினோரு வயது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், முக்காலிமேல் ஏறி அந்தத் துப்பாக்கியை எடுத்தாள். இரண்டு கட்டைவிரல்களாலும் சுத்தியலை இழுத்தாள். நான்கு சொடுக்குகள். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆசைப்பட்டாள், வேறெதற்கும் இல்லை. பயந்துபோய் மெல்ல இறக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினாள். சுத்தியலை இழுத்தால் உருளை ஒரு துளை நகர்ந்து, வெறும் துளைக்குப் பதில் தோட்டா சுத்தியலுக்குக் கீழே வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். பாடத்தை ஒழுங்காகக் கேட்டவள்தான். ஆனால் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

மறுநாள் காலை, கன்று ஈனும் பசுக்களைப் பார்க்க வடக்கு மேய்ச்சலுக்குக் கிளம்பிய அண்ணன் ஆர்டன் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டான். பதினாறு வயது. வாசற்படியருகே குதிரையின் வயிற்றுவாரை இறுக்கக் குனிந்தான். துப்பாக்கி உறையிலிருந்து நழுவிக் கற்படியில் விழுந்தது. ஒரே வெடி. மார்வா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அவள் தொழுவத்துக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் தொட்டேன், நான் இழுத்தேன், உருளை நகர்ந்துவிட்டது, நான்தான். சிவர்ட் கையிலிருந்த வைக்கோல் வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு அவள் தலையைத் தன் கோட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டக்கூட. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

துப்பாக்கி என்ன ஆயிற்று என்று பின்னொரு நாள் கேட்டபோது, வயோமிங் பக்கம் போன ஒரு வியாபாரியிடம் விற்றுவிட்டதாகச் சொன்னார்.

அப்பா தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக மார்வா தன் ஆயுசையே அவர் காலடியில் வைத்தாள். டிக்கின்சன் ஊர்க்காரன் ஒருவன் கல்யாணத்துக்குக் கேட்டான், நல்லவன். அப்பாவைத் தனியே விட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மா ஈனா போன பிறகு வேலியும் வைக்கோலும் மாடும் சமையலும் அவள் கையில்தான். அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியபின் ஏழு வருஷம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள். முடியாமல் போனபின்தான் முதியோர் விடுதி. அங்கேயும் ஞாயிறு தவறாமல் போய்விடுவாள்.

சத்தம் தொடங்கியது அடக்கம் நடந்த ஒரு வாரத்தில். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், டக், டக், டக், டக். திரும்பினால் யாரும் இல்லை. ஆணியில் துப்பாக்கியும் இல்லை. அதிலிருந்து நாற்பத்தைந்து வருஷம். வங்கி வரிசையில் நிற்கும்போது கேட்கும். சர்ச்சில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கேட்கும். ஜூலை மாதத்து உச்சி வெயிலில், கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லாத வைக்கோல் வயலில் கேட்கும். இந்த ஆவிக்கு இருட்டெல்லாம் தேவைப்படவில்லை. அடிப்பதில்லை, பேசுவதில்லை. நான்கு சொடுக்கோடு சரி. ஆர்டன் உயிரோடு இருந்தபோது வாய் ஓயாதவன். செத்த பிறகு இவ்வளவு சிக்கனமாகிவிட்டானே என்று அவளுக்குச் சில நாள் சிரிப்புக்கூட வரும். பல நாள் விடியும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தத் துப்பாக்கி கையில் கிடைத்தால், அதைப் பிரித்துப் போட்டால், சத்தம் நின்றுவிடும் என்று நம்பினாள். அதற்காகத்தான் அந்த அட்டை.

மார்ச் மாதச் சந்தையில், சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு பெண் காகிதப் பையோடு வந்து அவள் மேசைமுன் நின்றாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். துப்பாக்கியைச் சுட முடியாதபடி வாசலில் போலீஸ்காரர் மாட்டிவிடும் மஞ்சள் பிளாஸ்டிக் வார், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் நம்பர் தேடுற அம்மாவா? நான் டார்லா பிரெக்கே. லாயல் பிரெக்கேயோட பொண்ணு. சின்ன வயசுலயே அம்மாவோட ஸ்போகேன் போயிட்டேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

லாயலைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஷெரிஃபாக இருந்தவர். அப்பாவின் கூட்டாளி. ஜனவரியில்தான் போய்ச் சேர்ந்தார். அவரும் துப்பாக்கி சேர்த்தவர், மார்வாவுக்கு முந்திய தலைமுறை.

"அப்பாவோட இரும்புப் பெட்டியில அடியில இந்தப் பையோட கிடந்துச்சு. மத்ததெல்லாம் பளபளன்னு வச்சிருந்தார், இது மட்டும் பச்சையும் பழுப்புமா அசிங்கமா இருந்துச்சு. அதான் நேத்து உக்காந்து இரும்பு நார் போட்டுத் தேய்ச்சேன்." டார்லா பெருமையோடு எடுத்து வைத்தாள். குழலின் ஒரு பக்கம் புது ஸ்பூன்போல மின்னியது.

பக்கத்து மேசையில் ரோலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி! நூத்திநாப்பது வருஷத்துத் தோலை உரிச்சுட்டியேம்மா! அந்தப் பழுப்புக்குத்தானே காசு!"

"தேய்க்கக் கூடாதா?"

"குளிக்கவே வைக்கக் கூடாது. இன்னும் எங்கெல்லாம் தேய்ச்சே?"

"இந்த ஒரு பக்கம்தான். உள்ள கழட்டத் தெரியல, விட்டுட்டேன்."

"கடவுள் இருக்கார்" என்றார் ரோலி.

மார்வாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. விசைக்கு முன்னால், சட்டத்தின் அடிப்பக்கத்தில், ஐந்து இலக்கங்கள். ஐந்து, ஒன்று, நான்கு, பூஜ்யம், ஆறு. இழுத்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாக இழுக்கவும் இல்லை.

"உங்கப்பாவுக்கு இது எப்படிக் கிடைச்சுதாம்?"

"கடைசி வாரத்துல கேட்டேன். யாரோ கூட்டாளியாம், பாலத்துல இருந்து ஆத்துல எறிஞ்சுடச் சொல்லிக் கொடுத்தாராம். அப்பா ரெண்டு தடவை பாலம் வரைக்கும் போனாராம். 'என்னால முடியல டார்லா, ஆயிரத்தி எண்ணூத்தி எண்பதுல செஞ்சது, எல்லாப் பாகத்துலயும் ஒரே நம்பர் இருக்கு, இதை எவன் ஆத்துல போடுவான்'னு அழுதார். சாகப்போற மனுஷன் துப்பாக்கிக்காக அழறார் பாருங்க!"

ரோலி மட்டும் தலையை ஆட்டினார். அவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. துப்பாக்கி சேர்க்கிறவனிடம் போய் ஒரு துப்பாக்கியை ஆற்றில் எறியச் சொல்வது, பூனையிடம் மீனைக் கொடுத்துப் புதைத்துவிட்டு வா என்பது மாதிரி. சிவர்ட் ஹௌகன் தன் ஆயுசில் செய்த ஒரே அஜாக்கிரதை அதுதான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், விஷயம் தெரிந்திருந்தால்.

வயோமிங் வியாபாரி இல்லை. ஆற்றில் எறியச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை மார்வா முதலில் பொருட்படுத்தவில்லை. பெற்ற மகனைக் கொன்ற பொருளை அப்பா ஆற்றில் போடச் சொன்னார், சின்னப் பெண்ணிடம் வேறு சொன்னார், அவ்வளவுதானே என்று நினைத்தாள். டார்லா கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். 1898க்கு முந்திய பழம்பொருள் என்பதால் சட்டப்படி காகிதம் எதுவும் எழுத வேண்டியதில்லை. ரோலி வாயைப் பிளந்தார். "என்னம்மா, தேய்ச்ச துப்பாக்கிக்குத் தேய்க்காத விலையா?"

"எந்த நிலையில இருந்தாலும்னு எழுதியிருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனாள்.

வண்டிக்குள் வெயில் சுள்ளென்றிருந்தது. பையின்மேல் லாயலின் சாய்ந்த எழுத்தில் 1974 ஏப்ரல் தேதி இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: தோட்டா ஐந்து, வெற்றுக் கூடு ஒன்று. அவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு பையைக் கவிழ்த்து, அடியில் கிடந்த சின்னத் துணிமுடிச்சை அவிழ்த்து மடியில் கொட்டினாள். ஐந்து தோட்டாக்கள். வெடித்த வெற்றுக் கூடு ஒன்று.

ஐந்தும் ஒன்றும் ஆறு.

ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு. அப்படியென்றால் நான்கு தோட்டாவும் ஒரு வெற்றுக் கூடும்தான் இருக்க வேண்டும். ஆறு எங்கிருந்து வந்தது?

அவள் துப்பாக்கி சேர்ப்பவள். சேர்ப்பவர்களுக்கு எதையும் சந்தேகப்படாமல் இருக்கத் தெரியாது. லாயல் பின்னால் ஒன்றைச் சேர்த்துப் போட்டிருப்பார், ஆறும் முழுசாக இருக்கட்டும் என்று. எத்தனை பேர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் கூட்டாளியின் மகன் செத்த அன்றைக்கு, ஷெரிஃப் தன் கைப்பட எழுதிய கணக்கிலும் ஐந்தும் ஒன்றும்தான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால், இருக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில், டக், டக், டக், டக்.

"இருடா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் மார்வா. நாற்பத்தைந்து வருஷத்தில் அவனுக்குப் பதில் சொன்னது அதுதான் முதல்முறை.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்தாள். கதவுக்குப் பின்னால் அந்த ஆணி இன்னும் இருந்தது. அதில் இப்போது காலண்டர் தொங்கியது. துப்பாக்கியின் அச்சுத்தண்டை உருவி, உருளையைத் தனியே எடுத்தாள். ஜன்னலோர வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

பித்தளைத் தோட்டா ஒரு துளையில் வருஷக்கணக்கில் கிடந்தால், அதன் விளிம்பு உட்காரும் இடத்தில் பச்சையாக ஒரு வளையம் விழும். ஒரு நாளில் விழாது, ஒரு மாதத்தில் விழாது. ஐந்து மட்டும் நிரப்பிய துப்பாக்கியிலும் எந்தத் துளை காலி என்பது மாறிக்கொண்டேயிருக்கும் என்று சிலர் வாதம் செய்வார்கள். ஆனால் சிவர்ட் எதிலும் ஒழுங்கு. ஒரு துளைக்குப் பக்கத்தில் தாத்தா ஒரு சின்னப் புள்ளி வெட்டியிருந்தார், காலியாக விட வேண்டியது அது என்று. வகுப்பில் பிள்ளைகளிடம் அந்தப் புள்ளியைக் காட்டித்தான் பாடம் தொடங்கும். காலியாக இருந்த துளையில் வளையம் விழ வழியில்லை.

முதலில் மற்ற ஐந்தையும் பார்த்தாள். பச்சை வளையம், பச்சை வளையம். தைரியம் வராமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு புள்ளி வைத்த துளையைப் பார்த்தாள்.

அதிலும் இருந்தது. மற்றவற்றைப்போலவே தடித்து, கறுத்த பச்சையாய், பல வருஷத்து வளையம்.

ஊருக்கெல்லாம் ஐந்து என்று சொல்லிக்கொடுத்த மனுஷன் தன் இடுப்பில் ஆறு வைத்திருந்தார். ஒரு நாள் மறதியில் இல்லை. வருஷக்கணக்கில். அந்தத் துப்பாக்கியை மார்வா தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் ஒன்றுதான். உருளையை எத்தனை முறை சுற்றியிருந்தாலும் ஒன்றுதான். சுத்தியலுக்குக் கீழே எப்போதும் ஒரு தோட்டா இருந்தது.

நான் இல்லை. மார்வா அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் சந்தோஷம் வரவில்லை. தொழுவமும் அப்பாவின் கோட்டு வாசனையும் தலையை அழுத்திய அந்தக் கையும்தான் வந்தன. அன்றைக்கு அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னால் இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் அன்பு என்று நினைத்துத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது, அவர் தன் தோளிலிருந்து இறக்கி அவள் தோளில் வைத்த பாரம். ஆத்திரத்தில் அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டது. ஆனாலும் கிழவர் வாயால் கேட்காமல் நம்ப மனசு ஒப்பவில்லை. பாழும் மனசு, அப்போதும் அவருக்காக வாதாடியது. அவருக்கே தெரியாமல் அம்மா நிரப்பியிருந்தால்? ஆர்டனே போட்டிருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதிக்குப் போனாள். துப்பாக்கியையும் ஐந்து தோட்டாக்களையும் வீட்டில் பூட்டிவிட்டு, உருளையை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வெறும் உருளை, ஒரு இரும்புத் துண்டு. கூடவே தன் பெட்டியிலிருந்து ஐந்து வெற்றுக் கூடுகள். ஆறாவதாக, பையிலிருந்த அந்த வெற்றுக் கூடு.

சிவர்ட் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றியொரு வயது. முன்னால் தட்டுப்பலகையில் பாதி தின்ற ருபார்ப் தண்டுக் களி. இரண்டு வருஷமாக அவருக்கு மகள் முகம் தெரியாது. யார் வந்தாலும் மனைவிதான்.

"வா ஈனா. காத்து பலமா அடிக்குதே, மாட்டை உள்ள கட்டிட்டியா?"

"கட்டியாச்சு."

கைக்குட்டையை விரித்து உருளையை அவர் கையில் வைத்தாள். கூடுகளைத் தட்டுப்பலகையில் வரிசையாக நிறுத்தினாள். களிக் கரண்டியைப் பிடிக்கத் தெரியாத அந்தக் கை உருளையைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் தானாகப் போய்ப் புள்ளியைத் தடவியது.

"ஒண்ணு போடு" என்றார். போட்டார். "ஒண்ணு விடு." விட்டார். "நாலு போடு." ஒவ்வொன்றாக நான்கையும் போட்டார். வகுப்பில் நிற்பதுபோல் முகம் மலர்ந்திருந்தது. புள்ளி வைத்த துளை காலியாக இருந்தது. ஒரு கூடு பலகையில் மிச்சம் நின்றது.

மார்வாவுக்கு மூச்சு வந்தது. பாவி, அவர்மேல் பழி போட்டேனே என்று நினைத்தாள்.

கிழவர் வாசல் பக்கம் பார்த்தார். சர்க்கரை டப்பாவில் கை விடப்போகும் பையனைப்போல் ஒரு பார்வை. பிறகு மிச்சமிருந்த கூட்டை எடுத்துப் புள்ளி வைத்த துளையில் நுழைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

"ஆறு துளை வச்சவன் முட்டாளா என்ன?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"பிள்ளைங்களுக்கு அஞ்சுன்னுதானே சொல்லிக்கொடுக்கறீங்க?"

"பிள்ளைங்களுக்கு அது போதும். நான் என்ன கீழ போடறவனா?"

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு எங்கோ தடுக்கி நின்றது. உருளையைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. குரலைத் தாழ்த்தி அவள் பக்கம் சாய்ந்தார்.

"லாயல்கிட்ட கொடுத்துட்டேன். ஆத்துல போட்டுருவான். நீ கவலைப்படாத. சின்னதுகிட்ட மட்டும் சொல்லிடாத ஈனா."

"எதைச் சொல்லக் கூடாது?"

"அதுவா வந்து நான்தான்னு சொல்லிச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சத்தியமா, நான் வாயே தொறக்கல. அதுவா எடுத்துப் போட்டுக்கிச்சு." அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "சின்னப் பொண்ணுதானே. மறந்துரும்."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. சாகும்போது ஈனா மகள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்ல பெண், நீ நல்ல பெண் என்று மூன்று முறை சொன்னாள். மன்னிக்கிறாள் என்று நினைத்து மார்வா அன்றைக்கு விம்மி விம்மி அழுதாள். மன்னிப்புக் கேட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

"மறக்கலப்பா" என்றாள். "நான் ஈனா இல்ல. நான் அந்தச் சின்னப் பொண்ணு. எனக்கு அம்பத்தாறு வயசாச்சு. ஒரு நாள்கூட மறக்கல."

சிவர்ட் அவளை மரியாதையோடு பார்த்தார், வழி கேட்க வந்த அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல். "காபி வருமா?" என்று கேட்டார்.

அவள் உருளையை வாங்கி, தன் ஐந்து கூடுகளையும் தட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஆறாவதை எடுத்துக் களிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அது அவருடையது. அவர் நெற்றியில் வழக்கமாகக் கொடுக்கும் முத்தத்தைக் கொடுக்கவில்லை.

நடைவழியில் பாதி தூரம் வந்திருப்பாள். டக், டக், டக், டக்.

மார்வா நின்றாள். நாற்பத்தைந்து வருஷமாக அந்தச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில்தான் கேட்கும், கூடவும் குறையவும் கிடையாது. இன்றைக்குத் தூரத்தில் கேட்டது. திறந்திருந்த அறைக்கு உள்ளேயிருந்து, ஜன்னல் பக்கமாக. கையில் மருந்துத் தட்டோடு எதிரே வந்த பணிப்பெண் எதுவும் கேட்காதவள்போல் சிரித்துவிட்டுப் போனாள்.

"யாரது?" என்றது கிழவரின் குரல். கொஞ்சம் பொறுத்து, "ஆர்டன்?"

மறுபடி நான்கு சொடுக்குகள்.

"அங்கேயே நில்லுடா. கிட்ட வராத." நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். பிறகு, இரண்டு வருஷமாக அவர் வாயில் வராத பெயர், தெளிவாக, பழைய பலத்தோடு வந்தது. "மார்வா! மார்வா, இங்க வா! மார்வா!"

அந்தக் குரலுக்கு அவள் கால்கள் எப்போதும் ஓடித்தான் பழக்கம். அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடுவாள். இப்போதும் ஒரு கால் திரும்பிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பி வைத்தாள். முன்வாசல் மேசைக்குப் போய், வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே வெளியேறும் நேரத்தை எழுதினாள். மூன்று பத்து. எழுத்து கோணவில்லை.

வெளியே வெதுவெதுப்பான மலைக்காற்று அடித்துப் பனி உருகிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். காது தானாக ஒருபக்கம் சாய்ந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் காத்திருந்தாள். கூரையிலிருந்து பனிநீர் சொட்டுவதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஆர்டன் போய்விட்டான். பதினோரு வயதிலிருந்து ஒரு நாளும் அவளைத் தனியே விடாதவன் அவன் ஒருவன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மார்வா ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து, அண்ணனுக்காக முதல்முறையாக அழுதாள்.